சோடியம் குறைகிறது, இலாபம் கூடுகிறது

“நோயாளிக்கு உப்பு குறைந்துவிட்டது.” நாட்டின் எந்த நகரத்திலும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்து நிற்கும் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. கேட்ட மாத்திரத்தில் வீட்டார் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டுகிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். அன்பினால் செய்யப்படும் இவற்றுள் கடைசியாகச் சொன்னது பல நேரங்களில் நோயாளியை மேலும் ஆபத்தில் தள்ளக்கூடியது. ஏனெனில், ஹார்மோன் சமநிலை குலைவதால் குருதியில் சோடியம் குறையும்போது, பெரும்பாலும் உடலில் உப்புக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. இருக்கும் உப்பு அந்த நீரில் நீர்த்துப் போகிறது.

இந்திய மக்களின் மருந்துப் பிரச்சனையும் இதைப் போன்றதே. நாட்டில் மருந்து உற்பத்திக்குப் பஞ்சமில்லை. உற்பத்தி அளவில் உலகின் மூன்றாவது பெரிய மருந்துத் தொழில் இந்தியாவினுடையது. ‘உலகின் மருந்தகம்’ என்று பிரதமர் மேடைதோறும் முழங்குகிறார். ஆயினும் நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேரும்போது, அதன்மீது இலாபம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. அல்லது, இலாபம் குறைவு என்பதனாலேயே அம்மருந்து கடைக்கு வராமல் போயிருக்கிறது. மருத்துவ நூல்களில் ஓர் அத்தியாயமாக மட்டும் இருக்கவேண்டிய சோடியக் குறைபாடு, ஆளும் வர்க்கங்களின் மருந்துக் கொள்கையை அடையாளம் காட்டும் சோதனையாகவும் அமைந்துவிட்டது.

ஒரே எண், பல நோய்கள்

ஆரோக்கியமான ஒருவரின் குருதியில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்கும். அது 125-க்கும் கீழே விரைந்து இறங்கும்போது மூளை உயிரணுக்களுக்குள் நீர் புகுந்து மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என்று நிலைமை மோசமாகி உயிருக்கே கேடு விளையலாம்.

உடலின் நீர்ச்சமநிலையைக் காப்பது வாசோபிரசின் என்னும் ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளியாகும் இது, சிறுநீரகத்தை அடைந்து, “நீரை வெளியேற்றாதே, சேமித்து வை” என்று கட்டளையிடுகிறது. தாகத்தில் தவிக்கும் உடலுக்கு இது வரம். ஆனால் தேவையே இல்லாதபோதும் இது சுரந்துகொண்டே இருந்தால், குடித்த நீரெல்லாம் உடலிலேயே தங்கிவிடும். இந்த நிலையை 1957ஆம் ஆண்டில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடெரிக் பார்ட்டர் ஆகிய அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களும் அவர்களது சகாக்களும், நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இரு நோயாளிகளை ஆராய்ந்து முதன்முதலாக விளக்கினர்.

நுரையீரல் புற்றுநோய் மட்டுமன்று. நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவையும் இதே விளைவை உண்டாக்குகின்றன. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நாடு இந்தியா. ஆகவே இது எங்கோ வசதிபடைத்தோருக்கு வரும் அபூர்வ நோயன்று. செங்கற்சூளையிலும் கல்குவாரியிலும் நெருக்கடியான குடிசைப் பகுதிகளிலும் காசநோய் எவரைத் தாக்குகிறதோ, அவர்களையே இதுவும் தேடிவருகிறது.

ஹார்மோன் மிகுவதால் மட்டுமன்றி, குறைவதாலும் சோடியம் இறங்குகிறது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சிதைந்தால், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் உடலைத் தாங்கும் கார்ட்டிசோலும் இல்லாமல் போகின்றன. 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இந்நோயை விவரித்தபோது, அவர் கண்ட நோயாளிகளில் பலரின் சுரப்பியை அரித்திருந்தது காசநோயே. வலி தீர்ப்பதாகச் சொல்லிப் போலி மருத்துவர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுத் திடீரென நிறுத்துவோருக்கும் கார்ட்டிசோல் பற்றாக்குறை ஏற்படுகிறது.

ஆய்வுத் தாளில் காணும் எண் ஒன்றே. அதன் பின்னாலிருக்கும் நோய்கள் பல. ஒன்றுக்கு நீரைக் கட்டுப்படுத்த வேண்டும். மற்றொன்றுக்கு, குறிப்பாக மூளைக்காய்ச்சலின் விளைவாகச் சிறுநீரில் உப்பு வீணாகும் நிலையில், நீரைக் கட்டுப்படுத்துவதே தீங்கு. அட்ரீனல் சிதைவில் ஹைட்ரோகார்ட்டிசோன் கிடைக்காவிட்டால் உயிர் போகும். இவற்றைப் பிரித்தறியக் குருதியிலும் சிறுநீரிலும் சோடியத்தை அளக்க வேண்டும். தைராய்டு, கார்ட்டிசோல் அளவுகளைப் பார்க்க வேண்டும். சோடியத்தை மிக வேகமாக உயர்த்திவிட்டால் மூளைத்தண்டின் நரம்புறைகள் அழிந்து, நோயாளி பேச்சிழந்து கைகால் முடங்கிப்போகலாம். எனவே 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை குருதியைச் சோதித்துக்கொண்டே சிகிச்சை தர வேண்டும். அதாவது, இந்நோயில் ஆய்வகமே முதல் மருந்து. ஆய்வகத்தையும் ஆய்வக ஊழியரையும் அரசு மருத்துவமனையிலிருந்து அகற்றித் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் கொள்கை, இந்த முதல் மருந்தையே நோயாளியிடமிருந்து பறிக்கிறது.

வாப்டான்களின் வரலாறு கற்பிப்பது

நீண்டகாலம் இந்நோய்க்கு மருத்துவம் என்பது நீரைக் கட்டுப்படுத்துவதும், உப்பு மாத்திரையுடன் ஃபுரோசெமைடு கொடுப்பதும், நெருக்கடியில் 3 விழுக்காட்டு உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவதுமாகவே இருந்தது. யாவும் மலிவானவை, எவருடைய ஏகபோகத்திலும் இல்லாதவை. பின்னர் டெமெக்ளோசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தின் பக்கவிளைவே இங்கு மருந்தாகப் பயன்பட்டது.

ஜப்பானிய நிறுவனமான ஒட்சுகா கண்டறிந்த டோல்வாப்டான், வாசோபிரசினின் கட்டளையைச் சிறுநீரகத்தின் வாயிலிலேயே மறித்துவிடுகிறது. உப்பை இழக்காமல் நீரை மட்டும் வெளியேற்றும் இம்மருந்து ஓர் அறிவியல் சாதனை என்பதில் ஐயமில்லை. 2006இல் வெளியான சோதனை முடிவுகள், நான்காம் நாளிலும் முப்பதாம் நாளிலும் சோடியம் உயர்ந்திருந்ததைக் காட்டின. 2009இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. மருத்துவமனையில் வைத்தே தொடங்க வேண்டும் என்ற கடும் எச்சரிக்கையும் உடன் வந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வாரத்தில் சோடியம் மீண்டும் இறங்கிவிட்டதையும் அதே சோதனைகள் காட்டின. 2013இல், கல்லீரல் பாதிப்புக் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 30 நாட்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்றும், கல்லீரல் நோயாளிகளுக்குத் தவிர்க்க வேண்டும் என்றும் அமெரிக்க அரசு வரையறுத்தது. இத்தகைய மருந்தின் ஒரே ஒரு மாத்திரை அமெரிக்கச் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கப்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. 2013இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரைகள் வாப்டான்களுக்கு இடமளித்தன. அப்பரிந்துரைகளுக்கு அம்மருந்தை விற்கும் நிறுவனத்தின் கல்வி மானியம் இருந்தது. அடுத்த ஆண்டு, 2014இல், ஐரோப்பாவின் மூன்று மருத்துவச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலோ, அதே ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இம்மருந்துகளைப் பரிந்துரைக்க மறுத்தது. உயிரிழப்பைக் குறைப்பதற்குச் சான்றில்லை, மிகை வேகத்தில் சோடியத்தை உயர்த்தும் ஆபத்து உண்டு என்பன அதன் காரணங்கள். முதலில் நீர்க்கட்டுப்பாடு, அதற்கடுத்து யூரியா அல்லது உப்புடன் ஃபுரோசெமைடு என்பதே அதன் வரிசை.

அமெரிக்க வல்லுநர்கள் விலைபோய்விட்டார்கள் என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. நேர்மையான மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இயல்பே. டோல்வாப்டானால் பயனடையும் நோயாளிகளும் உண்டு. ஆனால் எந்த மருந்தை ஆராய்வது, யாரைக் கூட்டிப் பேச வைப்பது, எதை அச்சிட்டு உலகெங்கும் பரப்புவது என்பனவற்றைப் பணம் தீர்மானிக்கும் ஏற்பாட்டில், மலிவான மருந்துக்கு வாதாட எவரும் இருக்க மாட்டார்கள். யூரியாவுக்கு விற்பனைப் பிரதிநிதி இல்லை. உப்புக் கரைசலுக்காக நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு நடத்துவோர் இல்லை.

இலாபம் தராத மருந்து அனாதையாகிறது

யூரியாவின் கதை வியப்புக்குரியது. பெல்ஜிய மருத்துவர் கீ டெகோவும் அவரது சகாக்களும் 1980களிலிருந்தே யூரியாவைக் கொடுத்து இந்நோயாளிகளைக் காத்து வந்துள்ளனர். யூரியா சிறுநீருடன் நீரையும் இழுத்துச் செல்கிறது. கசப்பைத் தவிர பெரிய கேடில்லை. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் யூரியாவை உரமாக உற்பத்தி செய்கிறது. உர யூரியாவை எவரும் வாயில் போடக் கூடாது. அது மருந்துத் தரத்தில் செய்யப்பட்டதன்று. ஆனால் மருந்துத் தர யூரியாவைப் பொட்டலங்களாக்கித் தருவதற்கு வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. இருந்தும், கோடிக்கணக்கான டன் யூரியா செய்யும் நாட்டில், ஒரு மாவட்ட மருத்துவமனையின் மருத்துவர் சில கிராம் யூரியாவை எழுதிக் கொடுத்தால் அது எளிதில் கிடைக்கும் நிலை இல்லை. காப்புரிமை இல்லாத பொருளில் கொள்ளை இலாபம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் ஏது?

ஃபுளுட்ரோகார்ட்டிசோனின் கதை இன்னும் நெருக்கமானது. 1950களில் உருவான பழைய மருந்து இது. ஆல்டோஸ்டிரோன் செய்யும் வேலையை இது செய்கிறது; அடிசன் நோயாளிக்கு அன்றாட உணவு போன்றது. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள், காசநோய் மூளைக்காய்ச்சலால் உப்பை இழந்த 36 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து பெற்றோருக்கு 4 நாட்களில் சோடியம் சமநிலைக்குத் திரும்பியது. பெறாதோருக்கு 15 நாட்கள் ஆயின. நோயாளிகளின் இறுதி நிலையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும், சிலருக்குப் பொட்டாசியம் கடுமையாகக் குறைந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. விற்பனை வெறியில்லாத அறிவியல் இப்படித்தான் பேசும். ஏழைகளின் நோயை, அரசு நிறுவனத்தில், மலிவான மருந்தைக் கொண்டு ஆராய்ந்த இப்பணியை எந்தப் பன்னாட்டு நிறுவனமும் செய்திருக்காது.

2022இல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளுட்ரோகார்ட்டிசோன் சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பட்டியலில் பெயரை எழுதிவிடுவதால் மருந்து கடைக்கு வந்துவிடுமா? உற்பத்தி செய்ய எவரையும் கடமைப்படுத்தாத பட்டியல், ஏட்டுச் சுரைக்காயே.

காப்புரிமை என்னும் அணை

மூன்றாவது சான்று அண்மையது. எம்பாகுளிஃப்ளோசின் என்பது நீரிழிவு மருந்து. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும்போது அது நீரையும் இழுத்துச் செல்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள், வாசோபிரசின் மிகையால் சோடியம் குறைந்த 87 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். நீர்க்கட்டுப்பாட்டுடன் இம்மருந்தும் பெற்றோருக்கு நான்கு நாட்களில் சோடியம் 10 மில்லிமோல் உயர்ந்தது. நீர்க்கட்டுப்பாடு மட்டும் பெற்றோருக்கு 7. இன்னும் பல ஆய்வுகள் தேவை என்றாலும், நம்பிக்கையூட்டும் தொடக்கம் இது.

இந்தியாவில் இம்மருந்தின் காப்புரிமை 2025 மார்ச் மாதத்தில் காலாவதியானது. அதுவரை ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரையை, அடுத்த சில நாட்களிலேயே இந்திய நிறுவனங்கள் 10 ரூபாய்க்கும் கீழே விற்கத் தொடங்கின. ஒரே இரவில் மூலப்பொருள் மலிந்துவிட்டதா? தொழிலாளர் கூலி சரிந்துவிட்டதா? எதுவும் மாறவில்லை. ஒரு தாளில் எழுதப்பட்ட ஏகபோக உரிமை மட்டுமே காலாவதியானது. முந்தைய நாள்வரை நோயாளி செலுத்திய விலையில் பெரும்பகுதி, மருந்துக்குரியதன்று. ஏகபோகத்துக்குச் செலுத்திய கப்பம்.

இவ்வுண்மையை இந்தியா அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. காலனியாட்சிக் காலத்தின் 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நீடித்தவரை, உலகிலேயே மருந்து விலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இந்தியா இருந்தது. அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே இதைச் சுட்டிக்காட்டியது. நீதியரசர் என். இராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் உருவாகி, 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டும் அதிகபட்சம் 7 ஆண்டுகள் என்பதே அதன் சாரம். டோல்வாப்டானின் மூலக்கூறுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை பெறவே வழியில்லை. ஆகவேதான் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான டாலர் விலையில் இருந்த அம்மருந்தை இந்திய நிறுவனங்கள் அதன் சிறு பகுதி விலைக்குத் தயாரிக்க முடிந்தது. அய்யங்காரின் அறிக்கை இன்றும் உயிர்களைக் காத்துக்கொண்டிருக்கிறது.

1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் இக்கதவை மூடத் தொடங்கியது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2005இல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் போராடிப் பெற்ற திருத்தங்களால்தான், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கோரும் தந்திரத்துக்கு எதிரான 3(ஈ) பிரிவு வலுப்பெற்றது. காப்புரிமை வழங்கப்படுமுன்பே எதிர்ப்பதற்கான உரிமை காக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது அப்பிரிவின்படியே. 2023 மார்ச்சில் பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்தின் இரண்டாம் கட்டக் காப்புரிமை மறுக்கப்பட்டது, காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் தொடுத்த எதிர்ப்பினால்தான். கட்டாய உரிமம் என்னும் சட்டக் கருவி 2012இல் ஒரே ஒரு முறை பயன்படுத்தப்பட்டபோது, மாதத்துக்கு இரண்டேமுக்கால் இலட்சம் ரூபாய்க்கும் மேல் விற்ற புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் பின்னர் அக்கருவி உறையிலேயே துருப்பிடிக்கிறது.

துருப்பிடிக்க விட்டதோடு மோடி அரசாங்கம் நிற்கவில்லை. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட காப்புரிமை விதித் திருத்தங்கள், எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணத்தைக் கூட்டி, மனுவை ஏற்பதா என்பதற்கே தனித் தடையை உருவாக்கியுள்ளன. காப்புரிமையை நாட்டில் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் தரவேண்டிய நிறுவனங்கள், இனி மூன்றாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்வதற்குச் சிறந்த வழி நிறுவனங்கள் மனமுவந்து தரும் உரிமமே என்று எழுதி வைத்திருக்கிறது. ஓநாயின் மனமுவந்த இசைவுடன்தான் ஆட்டைக் காப்போம் என்பதே இதன் பொருள்.

விலைக் கட்டுப்பாடு என்னும் பெயரில்

அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்சவரம்பு விலை இருக்கிறதே என்று அரசாங்கம் சொல்லும். அந்த விலை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? 1995ஆம் ஆண்டு ஆணையின்படி உற்பத்திச் செலவே அடிப்படையாக இருந்தது. 2013ஆம் ஆண்டு ஆணை அதைக் கைவிட்டு, சந்தையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள நிறுவனங்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்க்கிறது. கொள்ளையர்களின் விலையையே சராசரியாக்கி, அதற்குச் ‘சட்ட விலை’ என்று முத்திரை குத்துவதற்குப் பெயர் கட்டுப்பாடா? மொத்த விலைக் குறியீட்டுடன் இணைத்துவிட்டதால், 2022 ஏப்ரலில் 10 விழுக்காட்டுக்கு மேலும், 2023 ஏப்ரலில் 12 விழுக்காட்டுக்கு மேலும் இவ்விலைகள் உயர அனுமதிக்கப்பட்டது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளோ ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை தாமாகவே விலையேறலாம்.

2024 அக்டோபரில் நடந்தது இக்கொள்கையின் முழு உருவத்தையும் காட்டியது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், மனநோய்க்கான லித்தியம் உள்ளிட்ட எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலை 50 விழுக்காடு உயர்த்தப்பட்டது. கட்டுப்படியாகவில்லை, உற்பத்தியை நிறுத்திவிடுவோம் என்று நிறுவனங்கள் சொன்னதே காரணமாகக் காட்டப்பட்டது. விலையை உயர்த்து, இல்லையேல் மருந்து இல்லை என்று மிரட்டக்கூடியவர்களிடம் மக்களின் உயிரை ஒப்படைத்தது யார்? சோவியத் உதவியுடன் 1961இல் நிறுவப்பட்டு, ரிஷிகேஷிலும் ஹைதராபாத்திலும் மருந்துகளை உற்பத்தி செய்த ஐடிபிஎல் நிறுவனத்தை நலிவடையச் செய்து, 2016இல் மூடுவதற்கு முடிவெடுத்தது யார்? 1954இல் பிம்ப்ரியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தைத் தள்ளாட விட்டது யார்? பன்னாட்டு மருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்க வேண்டும், வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 1975இல் ஹாத்தி குழு செய்த பரிந்துரைகளைக் கிடப்பில் போட்டது யார்? காங்கிரசும் பாஜகவும் மாறி மாறி எழுதிய கதை இது.

தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்த பின்னர் வெளியான பட்டியலில் மருந்து நிறுவனங்கள் பலவும் இருந்தன. மருந்து விலைக் கொள்கைக்கும் அப்பட்டியலுக்கும் தொடர்பே இல்லை என்று நம்புவதற்குக் குழந்தை மனம் வேண்டும். இடதுசாரிக் கட்சிகள் அப்பத்திரங்களைத் தொடவில்லை.

மூன்று வாதங்கள்

“காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும்” என்பது முதல் வாதம். இந்நோயின் வரலாறே இதற்கு மறுமொழி. நோயை விளக்கிய பார்ட்டர் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். உயிரணுக்களில் நீர் செல்லும் வழியைக் கண்டறிந்து 2003இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் ஆக்ர் பல்கலைக்கழக ஆய்வாளர். யூரியாவும் பாசெல் சோதனையும் லக்னோ சோதனையும் பல்கலைக்கழகங்களிலும் பொது மருத்துவமனைகளிலும் விளைந்தவை. நிறுவனத்தின் பங்கு இல்லையென்று எவரும் சொல்லவில்லை. பலர் கட்டிய கோபுரத்தின் உச்சியில் ஒரு கலசத்தை வைத்துவிட்டுக் கோபுரம் முழுவதற்கும் பட்டா கேட்பதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

“இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே குறைவு, குறை சொல்வது ஏன்?” என்பது இரண்டாவது வாதம். அமெரிக்க விலையுடன் ஒப்பிடுவோர் அமெரிக்கக் கூலியுடன் ஏன் ஒப்பிடுவதில்லை? 2019இல் ஒன்றிய அரசாங்கம் அறிவித்த தேசிய அடிமட்டக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். 2021-22ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி, மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்துகின்றனர். ஒன்றிய, மாநில அரசாங்கங்கள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு மட்டுமே. 2025க்குள் 2.5 விழுக்காடு என்று 2017இல் இதே ஆட்சி அறிவித்த இலக்கு காற்றோடு போயிற்று.

“இது மருத்துவர்களின் பிரச்சனை, அரசியல் கட்சிக்கு இதில் என்ன வேலை?” என்பது மூன்றாவது வாதம். ஒரு நோயாளிக்கு எத்தனை மில்லிலிட்டர் உப்புக் கரைசல் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவரின் முடிவு. அதில் எவரும் தலையிடலாகாது. அந்தக் கரைசல் மருத்துவமனையில் இருக்கிறதா, நள்ளிரவில் சோடியத்தை அளக்க ஆய்வக ஊழியர் இருக்கிறாரா, மறுநாள் வாங்க வேண்டிய மாத்திரையின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பன மருத்துவரின் கையில் இல்லை. அவை அரசியலில்தான் தீர்மானிக்கப்படுகின்றன.

என்ன செய்ய வேண்டும்?

மாற்று என்பது வெறும் கனவன்று. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்க முடியும் என்று காட்டியது. ஆலப்புழையில் கேரள அரசின் பொதுத்துறை மருந்து நிறுவனம் 1974 முதல் இயங்கிவருகிறது. மாநிலங்கள் தமது குறுகிய வரம்புக்குள் செய்து காட்டியதை, முழு அதிகாரமும் நிதியும் வைத்திருக்கும் ஒன்றிய அரசாங்கம் செய்ய மறுப்பது, இயலாமையன்று, வர்க்கச் சார்பு.

எனவே, எல்லா மருந்துகளுக்கும் உற்பத்திச் செலவின் அடிப்படையில் விலை நிர்ணயிக்கப்பட வேண்டும். ஃபுளுட்ரோகார்ட்டிசோன், ஹைட்ரோகார்ட்டிசோன், மருந்துத் தர யூரியா, 3 விழுக்காட்டு உப்புக் கரைசல் போன்ற, இலாபம் குறைந்த, உயிர் காக்கும் மருந்துகளைப் பொதுத்துறை நிறுவனங்களே உற்பத்தி செய்ய வேண்டும். அதற்காக அந்நிறுவனங்களைப் புதுப்பிக்க வேண்டும். குருதியில் சோடியம், பொட்டாசியம் அளக்கும் வசதி, வட்டார அளவிலான அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரவு பகலாக, ஒப்பந்தக் கூலிகளின்றி நிரந்தர ஊழியர்களைக் கொண்டு இயங்க வேண்டும். 2024 மார்ச் காப்புரிமை விதித் திருத்தங்கள் திரும்பப் பெறப்பட வேண்டும். கட்டாய உரிமம் பயன்படுத்தப்பட வேண்டும். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு வழங்கும் அன்பளிப்புகளைத் தடுக்க, 2024இல் வந்த பல்லில்லா நெறிமுறைக்குப் பதிலாக, தண்டனையுடன் கூடிய சட்டம் வேண்டும். மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்திய சம்மேளனம் இக்கோரிக்கையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றிருக்கிறது. தமது முதலாளிகளின் ஒழுங்கீனத்தைத் தொழிலாளர்களே அம்பலப்படுத்தும் அப்போராட்டத்துக்கு ஜனநாயக சக்திகள் அனைத்தும் துணை நிற்க வேண்டும்.

1930இல் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பு அள்ளப்பட்டபோது, அது உப்பைப் பற்றிய போராட்டமாக மட்டும் இருக்கவில்லை. கடல் கொடுத்த பொருளுக்கு வரி விதிக்கும் உரிமை ஏகாதிபத்தியத்துக்கு ஏது என்பதே அன்றைய கேள்வி. மனிதகுலம் கூட்டாக ஈட்டிய அறிவுக்கு விலை விதிக்கும் உரிமை ஏகபோக மூலதனத்துக்கு ஏது என்பது இன்றைய கேள்வி. மருத்துவமனை வாயிலில் “உப்பு குறைந்துவிட்டது” என்ற சொல்லைக் கேட்டுக் கலங்கி நிற்கும் குடும்பங்களிடம் இக்கேள்வியை எடுத்துச் செல்ல வேண்டும். நோயாளிக்கு அளவோடு தண்ணீர் கொடுங்கள், மருத்துவரைக் கேட்டு உப்புக் கொடுங்கள் என்று சொல்வதோடு அக்கடமை முடிந்துவிடாது. அவருக்கு வேண்டிய மருந்து ஏன் இந்த விலையில் இருக்கிறது, ஏன் கடையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது முழுமை பெறும்.